காது கேளாத பிள்ளையை உறைவிட மனநலச் சிகிச்சைக்கு அனுப்பலாமா?

உங்கள் மகனுக்கு 11 வயது. பிறவியிலேயே காது கேட்காது. 4 வயதில் காக்ளியர் இம்பிளாண்ட் (அறுவைசிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) வைத்தும் பேச்சு சரியாக வரவில்லை. இப்போது அதன் வெளிப்பகுதியையே கழற்றி எறிகிறான். கோபம் வந்தால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறான், தம்பியை அடிக்கிறான், இரவில் தூங்குவதில்லை. பள்ளியும் கைவிரித்துவிட்டது. உறைவிட மனநலச் சிகிச்சை மையத்தில் சில மாதங்கள் சேர்க்கும்படி மருத்துவர் சொல்கிறார். "சேர்க்கலாமா? சேர்த்தால் குணமாகித் திரும்புவானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அவனுக்கு என்ன வேண்டும் என்று எங்களுக்கு ஒருநாளும் சரியாகப் புரிந்ததில்லை." என் பதில் பெரும்பாலும் அந்த வரிக்குத்தான். இது மனநோயா, சொல்ல வழியில்லாத தவிப்பா என்று தெரியாமலேயே பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பிவிடுகிறோமோ என்பதுதான் உங்கள் பயம் என்று நினைக்கிறேன். நியாயமான பயம் அது.

நான் மருத்துவ உளவியலாளர். 19 ஆண்டுகளாகக் காது கேளாத பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். அதில் 8 ஆண்டுகள் ஓர் உறைவிட மையத்தில். எனக்குக் காது கேட்கும். சைகை மொழியை வளர்ந்த பிறகுதான் கற்றேன். உங்கள் மகனை நான் பார்த்ததில்லை, அதனால் அவனுக்கு இன்னதுதான் என்று சொல்ல மாட்டேன். மருந்து எழுதுவதும் என் வேலை அல்ல. எதைச் சரிபார்க்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் உறுதியாகத் தெரிந்தவை. காது கேளாமை மனநோய் அல்ல, மனநோயைத் தானாக உண்டாக்குவதும் இல்லை. ஆனாலும் காது கேளாத பிள்ளைகளிடம் உணர்ச்சி, நடத்தைப் பிரச்சினைகள் மற்றப் பிள்ளைகளைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அதிகம் காணப்படுகின்றன. இந்தப் பிள்ளைகளில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டவர்கள் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். தாய்க்கு வரும் மொழி பிள்ளையின் காதுக்கு எட்டாது. கண்ணுக்கு எட்டும் மொழி தாய்க்குத் தெரியாது. மொழி மிக எளிதாகப் பதியும் முதல் ஐந்தாறு ஆண்டுகள் அப்படியே கழிந்துவிடுகின்றன. 1995-இல் பீட்டர்சன், சீகல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மற்றவர் மனத்தில் என்ன நினைப்பு ஓடுகிறது என்று ஊகிக்கும் திறன் இந்தப் பிள்ளைகளிடம் பல ஆண்டுகள் பிந்தி வருவதைக் காட்டினார்கள். பிறந்த நாளிலிருந்தே சைகை மொழி பேசும் வீட்டில் வளரும் காது கேளாத பிள்ளைகளிடம் அந்தப் பின்னடைவு இல்லை என்று அதன் பின் வந்த ஆய்வுகள் காட்டின. இருவருக்கும் காது ஒரே மாதிரிதான். மொழி கிடைத்ததா, எப்போது கிடைத்தது என்பதில்தான் வேறுபாடு.

இது உங்கள் வீட்டில் நடக்கும் அடிதடிக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. காது கேட்கும் பிள்ளை சமையலறையில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டபடியே உலகத்தைக் கற்றுக்கொள்கிறது. ஏன் அப்பா இன்று எரிச்சலாக இருக்கிறார், யாருக்கு உடம்பு சரியில்லை, நாளை எங்கே போகிறோம் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தருவதில்லை, காதில் விழுகிறது. உங்கள் மகனுக்கு எதுவும் காதில் விழுவதில்லை. அவனைப் பொறுத்தவரை எல்லாமே திடீரென்று நடக்கின்றன. திடீரென்று வண்டியில் ஏற்றுகிறார்கள், திடீரென்று ஊசி போடுகிறார்கள், நேற்று இருந்த ஆசிரியர் இன்று இல்லை. 'பொறாமை', 'ஏமாற்றம்', 'அவமானம்', 'காத்திரு', 'அப்புறம்' போன்ற சொற்கள் கைவசம் இல்லாத பிள்ளைக்கு எல்லா உணர்வும் உடம்பில்தான் வெளிப்படும். 1980-களில் அமெரிக்காவில் குஷே, கிரீன்பர்க் இருவரும் உணர்வுகளுக்குப் பெயர் சொல்லவும், நின்று நிதானித்து யோசிக்கவும் கற்றுத்தரும் ஒரு பாடத்திட்டத்தை முதலில் காது கேளாத மாணவர்களுக்காகத்தான் வகுத்தார்கள். 'பாத்ஸ்' என்ற பெயரில் இன்று அது பல நாடுகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடக்கிறது.

ஆகவே சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அவனிடம் எவ்வளவு மொழி இருக்கிறது? பேச்சில் மட்டும் அளந்தால் போதாது. சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட, காது கேளாத பெரியவர் ஒருவர் அவனோடு சில நாள் உட்கார்ந்து அளக்க வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டிவிட்டு எழுதப்பட்ட எந்த நோய்ப்பெயரையும் நான் நம்புவதில்லை. பேச்சை அடிப்படையாகக் கொண்ட அறிவுத்திறன் சோதனையை வைத்து நல்ல புத்தியுள்ள பிள்ளைக்கு அறிவுத்திறன் குறைபாடு என்று எழுதிய கோப்புகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். சைகை தெரியாத மருத்துவருக்கு, வேகமாகக் கைவீசிச் சைகை செய்யும் பிள்ளை கொந்தளிப்பில் இருப்பதாகத் தோன்றும். அதைவிடப் பெரிய சிக்கல், மொழி அரைகுறையாக வளர்ந்த பிள்ளையின் சைகை. அதில் யார், எப்போது, எதற்குப் பின் எது என்ற இணைப்புகள் விட்டுப்போயிருக்கும். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொல்லும்போது மருத்துவரின் காதில் அது சிதறிய சிந்தனையாக விழும். மனச்சிதைவு மருந்து தொடங்கிவிடுவார்கள். இந்தக் குழப்பத்தைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் நீல் கிளிக்மன் விரிவாக எழுதியிருக்கிறார்.

எங்கள் மையத்துக்கு 13 வயதுப் பையன் ஒருவன் அப்படித்தான் வந்தான். 'பெரியவர்களைத் தாக்குகிறான், தொடர்பில்லாமல் சைகை செய்கிறான், வாகனத்தைக் கண்டால் வெறி' என்று குறிப்பு. இரண்டு மருந்துகள். என் சக பணியாளர் ஒருவர், அவருக்கும் காது கேட்காது, மூன்று நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து படம் வரைந்தார். மூன்றாம் நாள் கதை வெளியே வந்தது. அவனை வளர்த்தவர் பாட்டி. ஒருநாள் காலையில் ஒரு வெள்ளை வண்டி வந்தது, படுத்திருந்த பாட்டியைத் தூக்கிக்கொண்டு போனது, அவர் திரும்பி வரவே இல்லை. வீட்டில் எல்லாரும் அழுதார்கள். இவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல ஒருவருக்கும் மொழி இல்லை. இரண்டு ஆண்டு கழித்து அதே போல ஒரு வெள்ளை வண்டி இவனை ஏற்ற வந்தபோது உயிரைக் கொடுத்துப் போராடியிருக்கிறான். அதைத்தான் 'வெறி' என்று எழுதியிருந்தார்கள். சாவு என்றால் என்ன என்று அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. அதன்பின் அவன் அழுதான், நாள்கணக்கில். அதுதான் அவனுடைய சிகிச்சையின் தொடக்கம்.

எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஒரு மறைந்த கதை இருக்கும் என்று சொல்லவில்லை. மனச்சோர்வு, பதற்றநோய், ஆட்டிசம், கவனக்குறைவு, அரிதாகச் சிறுவயதுச் சைக்கோசிஸ் (நிஜம் எது, பிரமை எது என்று பிரிக்க முடியாத நிலை) எல்லாம் காது கேளாத பிள்ளைகளுக்கும் வரும். மொழி கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி உண்மையான நோயைத் தவறவிடுவதும் ஆபத்துதான். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நாள் பிடிக்கும். உறைவிடச் சிகிச்சைக்கு நான் காணும் நல்ல நியாயம் இதுதான். ஒரு மணி நேரச் சந்திப்பில் தெரியாதது, சாப்பாட்டு வேளையிலும் விளையாட்டிலும் இரவு பத்து மணிக்கும் கூடவே இருந்து பார்த்தால் தெரியும்.

உடம்பைப் பற்றி மூன்று விஷயங்கள் சொல்லியாக வேண்டும், பலர் இதைத் தவறவிடுகிறார்கள். ஒன்று, கண். அஷர் நோய்க்குறி என்ற பரம்பரை நோய் உள்ள பிள்ளைகளில் பலர் காது கேளாமலோ கேட்புக் குறைவோடோ பிறப்பார்கள். அதன் ஒரு வகையில் 10 வயதுக்கு முன்பே மாலைக்கண் தொடங்கி, பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டு வரும். சிறுவயதில் நடை பழகத் தாமதமாகியிருக்கும். பொழுது சாய்ந்தால் பயப்படுகிறான், அடிக்கிறான், தூங்க மறுக்கிறான் என்றால் விழித்திரைப் பரிசோதனை செய்யாமல் அதை நடத்தைப் பிரச்சினை என்று எழுதக் கூடாது. இரண்டு, இதயம். ஜெர்வெல்-லாங்கே நீல்சன் என்று ஓர் அரிய பரம்பரை நோய் உண்டு. 1957-இல் நார்வே நாட்டுக் குடும்பம் ஒன்றில் முதலில் விவரிக்கப்பட்டது. பிறவிக் காது கேளாமையோடு இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறும் இருக்கும். கோபத்திலோ ஓட்டத்திலோ பயத்திலோ பிள்ளை மயங்கி விழும். பார்ப்பவர்கள் வலிப்பு என்று நினைப்பார்கள். மனநல மருந்துகளில் பல, ஈசிஜியில் கியூடி என்று அளக்கும் இடைவெளியை நீட்டக்கூடியவை. இந்த நோயுள்ள பிள்ளைக்கு அந்த இடைவெளி ஏற்கெனவே நீண்டிருக்கும், அதனால் அவை உயிருக்கே ஆபத்து. எனவே எந்த மனநல மருந்தையும் தொடங்கும் முன் ஓர் ஈசிஜி எடுத்தார்களா என்று கேளுங்கள். முன்பு எப்போதாவது மயங்கி விழுந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மூன்றாவது, காது போனதற்கான காரணம். கருவில் தாக்கிய ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், பின்னால் வந்த மூளைக்காய்ச்சல் போன்றவை காதை மட்டும் தொட்டுவிட்டு விடாமல் மூளையையும் பாதித்திருக்கலாம். அப்படியானால் சிகிச்சையின் போக்கே மாறும்.

இப்போது மையத்தைப் பற்றி. காது கேளாதவர்களுக்கென்று தனி மனநலச் சேவை வேண்டும் என்ற எண்ணத்துக்கு அதிக வயதில்லை. 1955-இல் நியூயார்க் மாநில மனநல ஆய்வு நிறுவனத்தில் ஓர் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது. 1968-இல் இங்கிலாந்தில் ஜான் டென்மார்க் என்ற மனநல மருத்துவர் பிரஸ்டன் நகருக்கு அருகே பெரியவர்களுக்காக ஒரு பிரிவைத் தொடங்கினார். பிள்ளைகளுக்கான சேவை இன்னும் பிந்தியது. இங்கிலாந்து முழுவதற்குமாக அது விரிந்தது 2009-இல்தான். லண்டனில் கார்னர் ஹவுஸ் என்ற உள்நோயாளிப் பிரிவும், அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாமில் வால்டன் பள்ளி என்ற உறைவிடத் திட்டமும் காது கேளாத பிள்ளைகளுக்கென்றே அமைந்தவை. இப்படிப்பட்ட இடங்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் மிகக் குறைவு. அதனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட மையம் பெரும்பாலும் காது கேட்கும் பிள்ளைகளுக்கானதாகவே இருக்கும். அங்கேதான் நீங்கள் உஷாராக இருக்க வேண்டும்.

சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். நான் எல்லாப் பெற்றோரிடமும் கேட்கச் சொல்லும் கேள்வி: இரவுப் பணியில் யார் சைகை பேசுவார்கள்? சிகிச்சை நேரத்துக்கு மொழிபெயர்ப்பாளரை அழைத்து வருவோம் என்று எல்லா மையமும் சொல்லும். வாரத்துக்கு மூன்று மணி நேரம் மொழிபெயர்ப்பாளர் வருகிறார் என்றால் மற்ற 165 மணி நேரம் உங்கள் மகன் யாரோடும் பேச முடியாமல் இருப்பான். வீட்டில் இருந்ததைவிடப் பெரிய தனிமை அது. அப்படிப்பட்ட வார்டுகளில் இரண்டு வாரத்தில் பிள்ளை அமைதியாகிவிட்டதாக அறிக்கை வரும். அந்த அமைதியை நான் பார்த்திருக்கிறேன். சொல்லிப் பயனில்லை என்று பிள்ளை கைகளை மடக்கிக்கொண்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

பணியாளர்களில் காது கேளாத பெரியவர்கள் இருக்கிறார்களா என்றும் பாருங்கள், துப்புரவு வேலையில் மட்டுமல்ல, முடிவெடுக்கும் இடத்தில். காது கேளாத பெரியவரை ஒருமுறைகூடப் பார்க்காமல் வளரும் பிள்ளைகளில் சிலர், வளர்ந்தால் தமக்குக் காது கேட்டுவிடும் என்றோ, வளர்வதற்குள் செத்துப்போவோம் என்றோ நம்பிக்கொண்டிருப்பார்கள். எங்கள் இல்லத்துக்கு வந்த 9 வயதுச் சிறுமி, இரவுப் பணியில் இருந்த, காது கேளாத ஓர் அம்மாவின் காதுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். 'உனக்குமா? இவ்வளவு பெரியவளாகியுமா?' என்று கேட்டாள். அந்த அம்மாவுக்குக் கணவர், வேலை, இரண்டு பிள்ளைகள் என்று தெரிந்தபோது அவள் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

அடுத்து, இரவு விளக்கைப் பற்றியும் பிள்ளையின் கைகளைப் பற்றியும் கேளுங்கள். இருட்டில் இந்தப் பிள்ளைகளுக்கு மொழி கிடையாது. பத்து மணிக்கு எல்லா விளக்கையும் அணைக்கும் இடம் என்றால், பயந்து எழும் பிள்ளைக்குக் கேட்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. சிறு விளக்கு எரியும்படி விடுகிறார்களா, கதவைத் தட்டுவதற்குப் பதில் விளக்கு சிமிட்டும் மணி இருக்கிறதா, தீ எச்சரிக்கைக்கு அதிரும் கருவி உண்டா என்று பாருங்கள். பிள்ளை தன்னையோ பிறரையோ காயப்படுத்தும்போது பிடித்து அடக்க வேண்டிவரலாம். அது எந்த மையத்திலும் நேரும். ஆனால் காது கேளாத பிள்ளையின் இரு கைகளையும் பிடிப்பது வாயைப் பொத்துவதற்குச் சமம். முகத்தைத் தரைப்பக்கம் திருப்பிப் பிடித்தால் எதிரில் இருப்பவர் சொல்வதும் தெரியாது. பிடிக்க நேர்ந்தால் எப்படிப் பிடிப்பீர்கள், யார் அவன் கண்ணுக்கு முன்னால் நின்று சைகையில் பேசுவார் என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை முதல் முறையாகக் கேட்பது போல அவர்கள் விழித்தால், அங்கே வேண்டாம் என்பது என் கருத்து.

பாதுகாப்பைப் பற்றிப் பேசத் தயங்காதீர்கள். 2000-இல் அமெரிக்காவில் சல்லிவன், நட்சன் இருவரும் 50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். மாற்றுத்திறனுள்ள பிள்ளைகள் வன்முறைக்கோ புறக்கணிப்புக்கோ உள்ளாவது மற்றவர்களைவிட 3.4 மடங்கு அதிகம் என்று வந்தது. நடந்ததைச் சொல்ல முடியாத பிள்ளையிடம்தான் கெட்டவர்கள் துணிவார்கள். உடல் உறுப்புகளுக்கான சைகைகளும், 'வேண்டாம்', 'தொடாதே' என்பவையும் உங்கள் மகனுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் சேர்ப்பதற்கு முன்பே அவற்றைக் கற்றுக்கொடுக்க ஆள் தேடுங்கள். மையத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் சைகையில் புகார் சொல்ல அவனுக்கு என்ன வழி என்று கேளுங்கள். வாரத்தில் சில நாள் வீடியோ அழைப்பில் உங்களைப் பார்க்க முடியுமா என்றும்.

மருந்தைப் பற்றி ஒன்றே ஒன்று. மங்கலான பார்வை, கைநடுக்கம், விறைப்பு எல்லாம் சில மனநல மருந்துகளின் பக்கவிளைவுகள். கேட்கும் பிள்ளைக்கு அவை தொந்தரவு; உங்கள் மகனுக்கு அவை கேட்பதையும் பேசுவதையும் பறிப்பவை. மருத்துவரிடம் இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள்.

இனி, குணமாகித் திரும்புவானா என்பது. இங்கே நான் உறுதி தர மாட்டேன். இந்தப் பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைவு, ஒருவர் போல் மற்றவர் இல்லை. அதனால் இந்த முறை இத்தனை பேரைக் குணமாக்கும் என்று சொல்லும் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் இந்தத் துறையில் இல்லை. மூன்று மாதமா, ஒரு வருடமா எது சரி என்பதற்கும் அனுபவம்தான் வழிகாட்டி. யாராவது சதவீதக் கணக்கு சொன்னால் நம்பாதீர்கள். 11 வயதில் புதிதாக மொழி வருமா என்று கேட்டால், வரும். பிறவியிலிருந்து கிடைத்தவர்கள் அளவுக்குச் சரளம் வராமல் போகலாம். ஆனால் 'வயிறு வலிக்கிறது', 'தம்பியை மட்டும் கொஞ்சுகிறாய்' என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாலே சுவரில் முட்டுவது குறைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

என் அனுபவத்தில் திரும்பி வந்த பிள்ளைகள் தாக்குப்பிடித்தார்களா இல்லையா என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது வீடு. மையத்தில் நாள் முழுக்கப் பேசிப் பழகிய பிள்ளை, பேச யாருமில்லாத வீட்டுக்குத் திரும்பினால் பழைய நிலைக்குப் போக ஓரிரு மாதம் போதும். அதனால் அவன் அங்கே இருக்கும் காலத்தில் நீங்களும் உங்கள் கணவரும் தம்பியும் சைகை மொழி கற்க வேண்டும். சைகை கற்றால் பேச்சு வராமல் போய்விடும் என்று உங்களிடம் முன்பு யாரோ சொல்லியிருப்பார்கள். காது கேளாதோர் பள்ளிகளில் சைகை வேண்டாம், பேச்சே போதும் என்று 1880-இல் மிலான் நகரில் கூடித் தீர்மானித்த மாநாட்டிலிருந்து நூறு ஆண்டுக்கு மேல் உலகம் நம்பிய கருத்து அது. சைகை பேச்சைக் கெடுக்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. நீங்கள் நம்பியதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன், உங்களுக்குச் சொன்னவர்கள் நிபுணர்கள்.

எனவே என் பதில் இது. அவன் உயிருக்கு ஆபத்தான அளவில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, சாகப்போவதாகக் காட்டினாலோ, காத்திருக்க வேண்டாம். எந்த மருத்துவமனையானாலும் உடனே சேர்த்துவிடுங்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள். அந்த அவசரம் இல்லையென்றால், மொழி மதிப்பீடு, கண், இதயம் மூன்றையும் முதலில் முடியுங்கள். சைகை பேசும் மையம் கிடைத்தால், தூரமானாலும், சேர்ப்பதை நான் ஆதரிப்பேன். சைகை இல்லாத மையம்தான் கிடைக்கிறது என்றால், அவனை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, காது கேளாத பெரியவர் ஒருவரைத் தினமும் இரண்டு மணி நேரம் வரவழைத்து, சைகை தெரிந்த உளவியலாளரை வீடியோ வழியாகவாவது சேர்த்துக்கொள்வது மேல் என்று நினைக்கிறேன். என் துறையில் இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. தம்பியின் பாதுகாப்பை முன்வைத்து அவர்கள் சொல்லும் வாதத்தையும் நீங்கள் எடைபோட வேண்டும்.

சேர்ப்பதென்று முடிவானால் ஒன்று செய்யுங்கள். கிளம்பும் நாளன்று திடீரென்று வண்டியில் ஏற்றாதீர்கள். முன்கூட்டியே அங்கே போய்க் கட்டில், சாப்பிடும் இடம், குளியலறை, அவனைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களின் முகம் எல்லாவற்றையும் படமெடுத்து ஒரு சிறு புத்தகமாக ஒட்டுங்கள். நீங்கள் அவனை அங்கே விட்டுவிட்டு வருவதையும் திரும்ப வந்து பார்ப்பதையும் வரைந்து அதில் சேர்த்துவிடுங்கள். ஒரு நாட்காட்டியும் கொடுத்து, நீங்கள் முதலில் வந்து பார்க்கும் நாளை அதில் குறியுங்கள். வீடு திரும்பும் நாள் இன்னும் தெரியாதென்றால் அதை மட்டும் குறிக்காதீர்கள். அவன் ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டிருப்பான்.